அறையணிநல்லூரும் அகத்தமைதியும்

உலகின்கண் மனத்துயர் இல்லாதார் இலர். பொருளிலார் பொருளின்மையாலும், பொருளுடையார் அதனைக் காக்குங் கவலையாலும், இளைஞர் வருங்காலத்தை எண்ணியும், முதியோர் கழிந்த காலத்தை எண்ணியும் உள்ளம் நைகின்றனர். உடற்கு ஓய்வு உறக்கத்தாற் கிடைக்கின்றது. மனமோ உறக்கத்தினுங் கனவாய் எழுந்து அலைகின்றது. அவ்வலைவைத் தணித்தற்கு வழி யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இக்காலத்தே இவ்வினாவிற்கு எத்தேயத்தாரும் கூறும் விடை தியானம் என்பதாம். 1979-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் என்னும் அறிஞர், நாட்பட்ட நோயாளர்தம் மனவுளைச்சலைத் தணித்தற்பொருட்டு எட்டு வாரப் பயிற்சியொன்றை வகுத்தனர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும், ஆண்டுதோறும் திசம்பர் 21-ஆம் நாளை உலகத் தியான நாளாகக் கொள்ளுமாறு 2024-ஆம் ஆண்டிற் றீர்மானித்தது. நம் விழுப்புர மாவட்டத்து வானூர் வட்டத்தில், 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவிலின் மாத்ரி மந்திரிற் பன்னாட்டினரும் வந்து மௌனமாக அமர்கின்றனர். இவையெல்லாம் மகிழ்தற்குரியனவே.

ஆயினும், தியானம் என்பதனைப் பலரும் பிறழக் கொள்கின்றனர். எண்ணங்களை யெல்லாம் துரத்தி மனத்தை வெறுமையாக்குதலே தியானம் என்பது அவர் கருத்து. அங்ஙனம் முயன்று இயலாது, தமக்கு அது வாராதென்று கைவிட்டோர் பலர். மேற்கூறிய மருத்துவப் பள்ளியிலும் நோயாளர் மூச்சின்மேற் கருத்தை வைக்குமாறு பயிற்றப்பட்டனரேயன்றி, வெறுமையை நோக்குமாறு பயிற்றப்பட்டிலர் என்பது நினைக்கத்தக்கது. மனம் ஒன்றனைப் பற்றாது நில்லாது. ஆகலின் எதனைப் பற்றுவது என்பதே வினா. இவ்வினாவிற்கு நம் நடுநாட்டுத் தென்பெண்ணைக் கரையிலே விடை நெடுங்காலத்திற்கு முன்னரே கூறப்பட்டது. அவ்வரலாற்றினை, யாவரும் அறிந்த அண்மைக்கால நிகழ்ச்சியொன்றினின்று தொடங்கிக் கூறுவாம்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், மதுரையிலே பதினாறு வயதினராகிய வேங்கடராமன் என்னும் மாணவர் ஒருவர், ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை எழுதிவருமாறு பணிக்கப்பட்டு எழுதிக்கொண்டிருந்தனர். இருமுறை எழுதியபின் அத்தொழிலின் பொருளின்மை தோன்றவே, தாளை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தனர். அதுகண்ட தமையனார் கடிந்து கூறிய சொல் அவர் உள்ளத்தே தைத்தது. அன்றே வீட்டைத் துறந்து திருவண்ணாமலைக்குச் செல்லத் துணிந்தனர். இவரே பின்னர் இரமண மகரிஷிகள் என உலகம் போற்ற நின்றவர்.

இத்துணிவிற்கு மூலமாயதொரு நிகழ்ச்சி, அதற்கு ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்னர் நிகழ்ந்தது. நோய் யாதுமின்றி இருந்த அவரை ஒருநாள் மரண அச்சம் திடீரெனப் பற்றியது. மருத்துவரையோ சுற்றத்தாரையோ அழையாது, இறப்பது யாது என்று தாமே ஆராயப் புகுந்து, பிணம்போற் கிடந்து உள்நோக்கினர். இவ்வுடல் வீழினும் வீழாத பொருளொன்று உண்டென்னுந் தெளிவு பிறந்தது. அச்சம் அன்றே ஒழிந்தது. ஈண்டுச் சைவர்கள் மறவாது கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. அவர் அதற்கு முன்னரே பெரியபுராணத்தைப் படித்து அதில் ஈடுபட்டவர். அத்தெளிவிற்குப் பின்னரும் மீனாட்சியம்மை திருக்கோயிலுக்குச் சென்று, அறுபத்து மூவர் திருவுருவங்களின் முன் நின்று, அவர்தம் அன்பு தமக்கும் வாய்க்கவேண்டுமென வேண்டிக் கண்ணீர் உகுத்தவர். வெறுமையை அவர் நாடினாரல்லர்.

தமையனார் தமது சம்பளத்தைக் கட்டுதற்கு எடுத்துச்செல்லச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றனை எடுத்துக்கொண்டு, இரண்டனை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு வேங்கடராமன் புறப்பட்டனர். பழைய தேசப்படம் ஒன்றை நோக்கியபொழுது, திருவண்ணாமலைக்கு அணித்தான புகைவண்டி நிலையம் திண்டிவனம் எனக் காணப்பட்டது. விழுப்புரத்தினின்று திருவண்ணாமலை வழியாகப் புதிதாக இடப்பட்ட இருப்புப்பாதை அப்படத்தில் இல்லை. எனவே இரண்டு ரூபா பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்திற்கே சீட்டு வாங்கினர். வண்டியில் உடனிருந்த மௌல்வி ஒருவர், விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி ஏறுதல் வேண்டுமென்று வழி கூறினர். அதனால் திண்டிவனத்துச் சீட்டினை உடையவர் திண்டிவனம் காணாமலே, ஆகஸ்டு 30-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணியளவில் விழுப்புரத்தில் இறங்கினர்.

விடிந்தபின் ஊருட் சென்று திருவண்ணாமலைக்கு வழிகாட்டும் பலகை யுண்டோவென நோக்கி அலைந்தனர். மாம்பழப்பட்டு என்று எழுதிய பலகையைக் கண்டும், அஃது அவ்வழியிலுள்ள ஊரென்பது அவர் அறியார். பிறரை வினவவும் நாணினர். பசி மிகவே உணவு விடுதி யொன்றை அடைந்தபொழுது, நண்பகல்வரை காத்திருக்குமாறு விடுதியார் கூறினர். அவ்விடத்திலேயே அவர் அமர்ந்து தம்முள் ஒடுங்கினர். உண்டபின் இரண்டணாவை நீட்ட, கையில் உள்ளது எவ்வளவு என்று விடுதியார் வினவினர். இரண்டரை அணாவே உள்ளதென்று அறிந்து, அதனைப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டனர். அக்காசைக் கொண்டே மாம்பழப்பட்டு வரை வண்டியேறி, அங்கிருந்து பத்துக் கல் தொலைவு நடந்து, மாலைப் பொழுதில் அறையணிநல்லூரை அடைந்தனர்.

தியானத்திற்குத் தனியிடமும் ஓசையின்மையும் இன்றியமையாதன என்று கூறி, அவை வாய்க்கவில்லை யென்று வருந்துவார்க்கு விழுப்புரத்து உணவு விடுதியின் நிகழ்ச்சி தக்க விடையாகும். கையிற் காசில்லை. வயிற்றிற் சோறில்லை. போகும் வழியுந் தெரியவில்லை. மனம் கலங்குதற்கு உரிய காரணங்கள் எல்லாம் ஆண்டு ஒருங்கே இருந்தன. அவை நீங்கியபின் அமைதி வந்ததன்று. அவற்றின் நடுவிலேயே அமைதி இருந்தது.

அறையணிநல்லூர் என்பது இக்காலத்தே அரகண்டநல்லூர் என வழங்குவது. தென்பெண்ணையாற்றின் கரையிற் பாறைமீது அமைந்த அதுல்யநாதேசுவரர் திருக்கோயிலையுடையது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் இத்தலத்தைப் பாடியருளிய பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது. ஏழாம் நூற்றாண்டினராகிய பிள்ளையார், இவ்விடத்தினின்றே திருவண்ணாமலையைக் கண்டு தொழுதனரெனப் பெரியபுராணம் கூறும். தெளிந்த நாளில் மேற்கும் வடக்குமாகப் பரந்த வெளியின் அப்பால் அம்மலை இன்றும் தோன்றும். பன்னிரண்டு நூற்றாண்டுகட்குப் பின்னர் அம்மலையையே நாடிவந்த சிறுவர், அக்கோயில் மண்டபத்திலே வந்தமர்ந்தது திருவருட் செயலெனக் கொள்வாம்.

அம்மண்டபத்தில் அமர்ந்து தியானித்தபொழுது பேரொளியொன்று எங்கும் பரவக் கண்டனர். மூலத்தானத்திலிருந்து வருவதோவென எழுந்து சென்று நோக்க, அங்ஙனம் அன்றென்பது தெரிந்தது. ஒளியும் மறைந்தது. மீண்டும் வந்து அமர்ந்தனர். இங்கு நாம் கருதவேண்டுவது, ஒளி தோன்றியதனால் அவர் இறுமாந்தாரல்லர், மறைந்ததனால் வருந்தினாருமல்லர் என்பதே. காட்சிகளைத் தேடித் தியானத்திற் புகுவார், காட்சி வாராத நாளிற் கவலையுறுவர். பழைய கவலைக்குப் புதியதொரு கவலையைக் கூட்டுவதே அதன் பயனாகும்.

பூசை முடிந்தபின் கதவடைக்க வந்தோர் அவரை வெளியேறச் சொல்லினர். உணவு கேட்டனர், கிடைத்திலது. தங்க இடங் கேட்டனர், அதுவுங் கிடைத்திலது. ஆற்றைக் கடந்து கீழூர் வீரட்டானத்திற்குச் செல்லுமாறு கூறப்பட்டுச் சென்றனர். ஆண்டும் வழிபாடு முடியுமளவுந் தம்முள் ஒடுங்கியிருந்து, பின்னர் உணவு கேட்க, முதலில் மறுக்கப்பட்டது. அப்பொழுது கோயில் மேளக்காரர் ஒருவர் தம் பங்குச் சோற்றை அச்சிறுவர்க்குக் கொடுக்குமாறு கூறினர். சோற்றோடு நீர் வேண்டிச் சென்றவர் வழியிற் களைப்பால் மயங்கி வீழ்ந்தனர். உணர்வு வந்து நோக்குங்கால், சோறு நிலத்திற் சிதறிக் கிடந்தது. சிதறியதனைத் திரட்டி உண்டனர்.

மறுநாள் கோகுலாட்டமி. முத்துக்கிருட்டின பாகவதர் என்பார் இல்லத்தில் அவருக்கு உணவு கிடைத்தது. தம் காதணிகளை அவரிடம் ஈடாக வைத்து நான்கு ரூபா பெற்று, ஈட்டுச் சீட்டினைக் கிழித்தெறிந்து, செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை அடைந்தனர். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் உடல் நீங்குமளவும் அம்மலையை விட்டு அகன்றிலர்.

மகரிஷிகளின் உபதேசம் அத்துவித நெறியினைச் சார்ந்ததென்பர். அது சித்தாந்தத்தோடு ஒன்றுமிடமும் வேறுபடுமிடமும் உள. அவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. மனவமைதி என்பது பசியையோ களைப்பையோ நீக்கிவிடுவதன்று என்பதும், அமைதியுற்றாரும் மௌல்வியின் சொல்லாலும், விடுதியாரின் ஈரத்தாலும், மேளக்காரரின் பங்குச் சோற்றாலும் தாங்கப்பட்டனர் என்பதும் அவ்வரலாற்றால் விளங்குவனவாம்.

இனி, மனம் பற்றுதற்குரிய பொருள் யாது என்பதனைச் சாத்திரமுகமாக நோக்குவாம். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. அதே பெண்ணையாற்றுப் பக்கத்தே, இன்றைய விழுப்புர மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் உள்ளது. சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் ஓலைகாட்டி ஆட்கொண்ட திருவருட்டுறை அதுவே. பதின்மூன்றாம் நூற்றாண்டில், பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர்க்குத் திருமகவாய்த் தோன்றிய மெய்கண்ட தேவர், அவ்வூரில் மாமனார் இல்லத்தில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவர்பால் உபதேசம் பெற்று, சிவஞானபோதம் அருளிச்செய்ததும் ஆண்டேயாம். பன்னிரண்டு சூத்திரமும் நாற்பதடியுமே உடைய அந்நூல், மனத்தின் இயல்பினை ஆராய்ந்த முறை வியக்கத்தக்கது.

மனம் என்பது மாயையிற் றோன்றிய கருவி. புத்தி, சித்தம், அகங்காரம் என்பவற்றோடு கூடி அந்தக்கரணம் எனப்படுவது. அது தானே அறியாது. உயிர் அதனோடு கூடியே அறியும். உயிரோ எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது. செம்மலரின் அருகில் வைத்த பளிங்கு செந்நிறமாகவும், நீலமலரின் அருகில் வைத்த பளிங்கு நீலமாகவும் தோன்றுமன்றே? பளிங்கினைத் தேய்த்துத் தேய்த்து அந்நிறத்தைப் போக்குதல் இயலாது. மலரை மாற்றினாற் போதும். கவலையைச் சார்ந்த உயிர் கவலையே வடிவாகும். எண்ணத்தை எண்ணத்தாலே துரத்த முயல்வார், பளிங்கினைத் தேய்ப்பாரை ஒப்பர்.

ஆகலின் அந்நூலின் ஒன்பதாஞ் சூத்திரம், உலகப் பற்றினைப் பேய்த்தேரென உணர்ந்து, ஞானக்கண்ணாற் பதியைத் தன்னுள்ளே நாடுமாறும், அந்நிலை வழுவாமைப்பொருட்டுத் திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுமாறும் கூறுகின்றது. அங்ஙனம் நாடுவார்க்கு அப்பதி வெயிலில் நடந்தார்க்கு நிழல்போல் ஆம் என்பதும் அச்சூத்திரத்தின் கருத்து. ஆவணித் திங்களின் வெயிலிற் பத்துக் கல் நடந்து அறையணிநல்லூர் மண்டபத்தில் ஏறிய சிறுவர்க்கு அந்நிழலின் பொருள் நன்கு விளங்கியிருக்கும்.

மனக்கலக்கத்தின் வேர் யாண்டுளது என்பதற்கும் அவ்வூரிலேயே ஒரு வரலாறு உண்டு. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியார், களப்பாளர் குடிக்குக் குருவாயினார். சிறுவராகிய மெய்கண்டார் தம்மைக் காண வாராமையாற் சினந்து, தாமே அவர்பாற் சென்றனர். ஆண்டு ஆணவ மலத்தைப்பற்றி உபதேசம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் வடிவம் யாது என வினவியவாறு நின்ற அவரை மெய்கண்டார் நோக்கினர். அந்நோக்கே விடையாயிற்று. யான் என நிமிர்ந்து நின்ற அந்நிலையே ஆணவத்தின் வடிவென உணர்ந்த பெரியார், அச்சிறுவரின் திருவடியில் வீழ்ந்தனர். பின்னர் சிவஞான சித்தியாரை அருளிச்செய்தவர் இவரேயாவர். என்னை மதித்திலன், எனக்கு இது கிடைத்திலது என்னும் எண்ணங்களே நம் உளைச்சலிற் பெரும்பகுதி என்பதனை, ஒரு வாரம் தம் மனத்தைத் தாமே நோக்குவார் எளிதில் அறிவர்.

திண்டிவனத்திற்கு அணித்தான மயிலத்தின் தலவரலாறும் இதனையே வேறு முகத்தாற் கூறுகின்றது. போரிலே முருகப்பெருமானுக்குத் தோற்ற சூரபதுமன், அப்பெருமானுக்கு ஊர்தியாதல் வேண்டி ஆண்டுத் தவஞ்செய்து மயிலாயினன் என்பது அவ்வரலாறு. பெருமான் அவனை அழித்தொழித்திலர், ஊர்தியாக்கிக்கொண்டனர். அவ்வாறே அலையும் மனமும் அழிக்கப்படுவதன்று. இறைவனைத் தாங்குமாறு திருப்பப்படுவது.

இங்ஙனம் எழுதும் யான் இவற்றையெல்லாம் மடத்தில் இளமையிலேயே பாடங்கேட்டவன். முப்பதாண்டிற்கு மேலாகப் பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்தவன். ஆயினும் ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்ற மறு ஆண்டில் என் மனையாளை இழந்தபொழுது, கற்றவை ஒன்றும் கைகொடுத்தில. இரவில் உறக்கமில்லை. அன்பர் ஒருவர், ஒன்றும் நினையாது கண்மூடி இரு என்றனர். முயன்றேன். நினையாதிருக்க முயலுந்தோறும், அவள் மருத்துவமனையிற் கடைசியாகக் கேட்ட வெந்நீரும், யான் அதனைக் கொணரத் தாழ்த்ததுவும் அன்றி வேறொன்றும் என் முன் நின்றில.

ஒருநாள் மாலை விழுப்புரத்தினின்று பேருந்தேறி அறையணிநல்லூர் சென்று அம்மண்டபத்தில் அமர்ந்தேன். ஒளி யாதும் தோன்றவில்லை. அங்கே சிறுவர் சிலர் ஓடி விளையாடிக்கொண்டிருந்தனர். கண்களை மூடாது, மலையிருக்குந் திசையை நோக்கி, குருநாதர் தந்த ஐந்தெழுத்தை விரலெண்ணாது சொல்லிக்கொண்டிருந்தேன். வெந்நீரின் நினைவு வந்தது. அதனைத் துரத்தாமல், அவளையும் அக்குறையையும் பெருமானிடத்தே வைத்துவிட்டு, மீண்டும் எழுத்திற்குத் திரும்பினேன். பன்முறை வந்தது, பன்முறை திரும்பினேன். அன்றிரவு நான்கு மணிநேரம் உறங்கினேன். துயர் அன்றோடு ஒழிந்ததென்று கூறேன். இன்றும் உண்டு. ஆனால் அதனோடு இருத்தற்கு ஓர் இடங் கிடைத்தது. நாற்பதாண்டுகட்கு முன் பாடங்கேட்ட நிழல் என்னுஞ் சொல்லின் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

ஆகவே, மனத்துயருற்ற அன்பர்கட்குக் கூறத்தக்கன சிலவே. நாடோறும் காலையிலோ மாலையிலோ அரை நாழிகைப் பொழுதேனும் முதுகு நிமிர்ந்து அமர்க. மூச்சினை அடக்க முயலாது இயல்பாய் விடுக. தீக்கை பெற்றோர் குரு காட்டியவாறும், பெறாதோர் சிவபெருமான் திருநாமத்தை அன்பினாலும் உள்ளத்தே கூறுக. மனம் ஓடுமாயின் சினவாது மீட்க. அங்ஙனம் மீட்டலே பயிற்சியாம். காட்சிகளை எதிர்நோக்கற்க. உணவும் உறக்கமும் பலநாள் ஒழிந்து, உயிர்வாழ்தலில் வெறுப்புத் தோன்றுமளவு நைந்தவர், தியானம் ஒன்றே போதுமென்று இராது நன்மருத்துவரையும் நாடுதல் வேண்டும். மருந்தும் அவன் தந்ததே. அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

நம் தியானம் உண்மையாயிற்று என்பதனை எவ்வாறு அறிவது? கண்மூடியிருந்தபொழுது பெற்ற இன்பத்தால் அன்று, கண் திறந்தபின் நிகழும் ஒழுக்கத்தால் அறியப்படும். இதற்குச் சான்றாவார், அறையணிநல்லூரின் எதிர்க்கரையாகிய திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். அடியார் வேடம் பூண்டுவந்து தம்மைக் குத்திய முத்தநாதனை வெட்ட வந்த தத்தனைத் தடுத்து, அப்பகைவனை ஊறின்றி ஊர்ப்புறம் விட்டுவருமாறு பணித்து, அவ்வாறு விடப்பட்டான் என்று கேட்குமளவும் உயிர் தாங்கியிருந்தனர் அப்பெருமான். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரொடு கூடுதலையும், அவர்தம் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் முடிந்த நிலையாகக் கூறுதற்கு இவ்வரலாறே எடுத்துக்காட்டாம். அத்துணைப் பெருநிலை நமக்கு இயலாதாயினும், பசித்து வந்தார்க்குத் தம் பங்குச் சோற்றை ஈந்த கீழூர் மேளக்காரரின் நிலை நம்மனோர்க்கும் எட்டுவதே. அவர் பெயரை வரலாறு குறித்து வைத்திலது. அன்றிரவு அவர் உள்ளம் அமைதியுற்றே இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் அன்பர்கள், புகைவண்டி நிலையத்திற் காத்திருக்கும் பொழுதினையும் வீணாக்காது, அன்று ஒரு சிறுவர் தம்முள் ஒடுங்கியிருந்ததனை நினைந்து, ஐந்தெழுத்தைச் சார்ந்து அமைதியுறுவார்களாக. ஒருமுறை அறையணிநல்லூர் சென்று, பிள்ளையார் தொழுத இடத்தினின்று அம்மலையை நோக்கித் தொழுவார்களாக. மலை கண்ணுக்குப் புலனாகாத மேகநாளாயினும் அமைக, நோக்குந் திசை தவறாதாகலின்.

திருச்சிற்றம்பலம்